சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

மாசி மகத்துக்கு அக்கா பையன் சென்னையில இருந்து கார்ல வந்திருந்தான். வைத்திக்குப்பம் கடற்கரையில தீர்த்தவாரி பார்த்துட்டு, ராத்திரி பாகூர்ல எங்க வீட்டுக்கு வந்து படுத்துட்டான். விடிஞ்சதும் வாசல் தெளிக்கப் போன வீட்டுக்காரம்மா அங்கிருந்தே சத்தம் போட்டாங்க.

"இங்க வந்து பாருங்க. நேத்துதான் சாணி போட்டு மெழுகுனேன்."

போய்ப் பார்த்தா, வண்டிக்கு அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. பக்கத்துல சின்னதா ரெண்டு மூணு பொட்டு. விரல்ல தொட்டு மோந்து பார்த்தேன். இன்ஜின் ஆயில்.

பையனை எழுப்பிக் கேட்டேன். அவன் அலட்டிக்கவே இல்லை.

"அது ஒரு வருஷமா இருக்கு மாமா. மாசம் அரை லிட்டர் வாங்கி ஊத்திப்பேன். சர்வீஸ்ல காட்டுனேன். பின்னாடி ஆயில் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸ் இறக்கணும், பதினாலாயிரம் ஆகும்னாங்க. அதான் ஊத்திக்கிட்டே ஓட்டிட்டு இருக்கேன்."

இந்த "ஊத்திக்கிட்டே ஓட்டிட்டு இருக்கேன்" என்ற ஒரு வரிதான் இந்தப் பதிவை எழுத வச்சது. இதை நான் என் வயல்ல சொன்னா ஊரே சிரிக்கும். நடவு முடிஞ்ச வயல்ல சாயங்காலம் தண்ணி கட்டிட்டு வர்றோம். காலையில போய்ப் பார்த்தா சேறு தெரியுது. என்ன பண்ணுவோம்? மறுபடியும் மோட்டாரைப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துடுவோமா? வரப்பைச் சுத்தி நடந்து, எங்கேயோ ஒரு நண்டு வளை இருக்கும், அதைக் கண்டுபிடிச்சு, மிதிச்சு, சேறு வச்சு அடைச்சுட்டுத்தான் மோட்டார் போடுவோம். வளையை விட்டுட்டுத் தண்ணி விடறவனை விவசாயின்னு சொல்ல மாட்டாங்க. ஆனா அதே ஆள் வண்டி விஷயத்துல மட்டும் மாசாமாசம் ஊத்திக்கிட்டே இருக்கார். பட்டணத்து ஆளுங்களை மட்டும் சொல்லலை. எங்க ஊரு டிராக்டர், பவர் டில்லர் நிக்கிற இடத்தைப் பார்த்தாலும் அதே கறைதான்.

கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. இருபது வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தா மணிக்கு 180 சொட்டு, அதாவது 9 மில்லி. தினம் ரெண்டு மணி நேரம் ஓட்டினா மாசத்துக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல. வருஷத்துக்கு ஆறு லிட்டர். அவன் வண்டி இன்ஜின் மொத்தமா பிடிக்கிறதே மூணரை லிட்டர்தான். ரெண்டு இன்ஜினுக்கான ஆயிலை அவன் ரோட்டுல ஊத்தியிருக்கான். அதுவும் காசு கொடுத்து வாங்கி.

மகத்துக்கு மறுநாள் அவனை விடலை. கன்னியக்கோயில் வழியா கடலூர் சாலையைப் பிடிச்சு, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் தாண்டி புதுச்சேரிக்குள்ள நுழைஞ்சோம். முதலியார்பேட்டையில ஒரு சந்துக்குள்ள எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருத்தர் இருக்கார். என் பழைய ஆம்னியை இருபது வருஷமா பார்க்கிறவர்.

ஆம்னி தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், அதுல இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலதான் இருக்கும். ஆயில் ஒழுகி சைலன்சர் பைப்புல பட்டா கருகுற நாத்தம் நேரா நம்ம மூக்குக்கு வரும். மத்த கார்ல ஒழுகுறது ரெண்டு மாசம் கழிச்சுத் தெரியும்னா, ஆம்னியில ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும். அந்த வண்டிதான் எனக்கு இந்தப் பாடமெல்லாம் நடத்துச்சு.

அண்ணன்கிட்ட கதையைச் சொன்னேன். "கியர்பாக்ஸ் இறக்கணும்னு சொன்னாங்களா? இறக்கலாம் தம்பி, அவசரம் என்னா? மொதல்ல பாப்போம்" என்றார்.

அவர் செஞ்சதை அப்படியே சொல்றேன், ஏன்னா இதுதான் முக்கியம். கிளீனர் அடிச்சு, பழைய துணியால இன்ஜினை மேலிருந்து கீழே வரைக்கும் சுத்தமா துடைச்சார். நல்லா காய விட்டார். அப்புறம் முகத்துக்குப் போடுற பவுடர் டப்பா ஒண்ணை எடுத்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல, அதுக்கு மேல பக்கவாட்டுல, மேல் மூடியைச் சுத்தி, எல்லா இடத்துலயும் தூவினார். வண்டி பொங்கலுக்கு வெள்ளை அடிச்ச சுவர் மாதிரி ஆயிடுச்சு.

"அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வாங்க."

போயிட்டு வந்து பானெட்டைத் தூக்கினதும் எல்லாம் வெளிச்சம். இன்ஜினோட உச்சியில இருக்கிற மூடியோட பின் மூலையில இருந்து பழுப்பா ஒரு கோடு கிளம்பி, பவுடரை நனைச்சுக்கிட்டே பக்கவாட்டுல இறங்கி, கடைசியில கியர்பாக்ஸ் இணைப்புல போய் முடிஞ்சிருந்தது. சொட்டுனது கீழே. ஒழுகுனது மேலே. தண்ணியோட குணம்தான் எண்ணெய்க்கும். பள்ளத்தைத் தேடிப் போகும், எதிர்க் காத்து பின்பக்கம் தள்ளும். கடைசியா எந்த இடத்துல தொங்குதோ அங்கிருந்து சொட்டும். சொட்டுற இடத்தை மட்டும் பார்த்தவங்க பதினாலாயிரம் சொன்னாங்க. கோட்டைப் பிடிச்சு மேல போனவருக்கு ஒரு ரப்பர் வளையம் கிடைச்சது.

அந்த ரப்பரைத்தான் வால்வ் கவர் கேஸ்கட்னு சொல்றாங்க. நம்ம ஊரு மெக்கானிக்குகளுக்கு அது டாப் கவர் பேக்கிங், இல்லைன்னா டேப்பெட் கவர் பேக்கிங். இன்ஜினோட தலையில வால்வுகளும், அதை இயக்குற கேம் ஷாப்டும் இருக்கு. அது மேல எப்பவும் ஆயில் தெறிச்சுக்கிட்டே இருக்கும். அது வெளியே வராம இருக்க ஒரு மூடி. மூடிக்கும் தலைக்கும் நடுவுல இந்த ரப்பர். பாத்திரத்துக்கு குக்கர் கேஸ்கட் எப்படியோ அப்படி.

வீட்டுல குக்கர் கேஸ்கட்டை எத்தனை தடவை மாத்தறோம்? அது விறைச்சுப் போனா ஆவி பக்கவாட்டுல வரும், நாம உடனே மாத்திடறோம். இன்ஜினுக்குள்ள இருக்கிற ரப்பரும் அதே மாதிரிதான். ரப்பரோட வேலையே அமுக்கினா அமுங்கி, விட்டா திரும்பி எழும்புறது. தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, ஏழெட்டு வருஷத்துல அந்த எழும்புற குணம் போயிடும். பழைய பேக்கிங்கைக் கழட்டி அண்ணன் மடிச்சுக் காட்டினார். ரப்பர் மாதிரி வளையலை. காஞ்ச பனை ஓலை மாதிரி பட்டுன்னு ஒடிஞ்சது.

இதைச் சின்ன விஷயம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு ஞாபகப்படுத்தறேன். 1986 ஜனவரி 28 அன்னைக்கு அமெரிக்காவுல சேலஞ்சர் விண்கலம் கிளம்பின கொஞ்ச நேரத்துல சிதறி ஏழு பேர் இறந்தாங்க. பூஸ்டர் ராக்கெட்டோட இணைப்புல இருந்த ரப்பர் வளையம் அந்தக் குளிர்ல விறைச்சு, சரியா அடைக்கலை. சூடான வாயு அந்த வழியா வெளியே வந்துடுச்சு. விசாரணைக் குழுவுல இருந்த ஃபெய்ன்மன் என்ற இயற்பியல் அறிஞர், அந்த ரப்பர்ல ஒரு துண்டைக் கிளாம்ப்புல இறுக்கி, ஐஸ் தண்ணியில முக்கி எடுத்து, அது பழைய உருவத்துக்குத் திரும்பி எழும்பலைன்னு எல்லார் முன்னாடியும் காட்டினார். நம்ம காரு சிதறப் போறதில்லை. ஆனா ரப்பர் எழும்பலைன்னா அடைக்காது என்ற கணக்கு ரெண்டுக்கும் ஒண்ணுதான். அங்கே ஒரு ராத்திரி குளிர், இங்கே பல வருஷச் சூடு.

வேலை எப்படி நடந்ததுன்னும் சொல்லிடறேன். உங்க வண்டியை மெக்கானிக் திறக்கும்போது பக்கத்துல நின்னு பார்க்க உதவும்.

முதல்ல இன்ஜினை முழுசா ஆற விட்டார். டீ குடிச்சு, பேப்பர் படிச்சு, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டினார். மூடி மேல இருக்கிற இக்னிஷன் காயில், ஒயர், டியூப் எல்லாத்தையும் கழட்டுறதுக்கு முன்னாடி செல்போன்ல ரெண்டு போட்டோ எடுத்துக்கிட்டார். "திரும்ப மாட்டும்போது மூளையை நம்பக் கூடாது தம்பி." மூடி போல்ட்டுகளை ஒரேயடியா கழட்டாம, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா தளர்த்தினார். மூடி ஒட்டிக்கிட்டு வரலை. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பலை, ரப்பர் சுத்தியலால பக்கவாட்டுல லேசா தட்டினார், வந்துடுச்சு. நெம்பினா அலுமினியத்துல கீறல் விழும். அந்தக் கீறலே அடுத்த ஒழுகலுக்கு வாய்க்கால்.

திறந்த இன்ஜின் மேல சுத்தமான துணியைப் போட்டு மூடினார். ஒரு மணல், ஒரு வாஷர் உள்ளே விழுந்தா வேற கதையாயிடும். பேக்கிங் உட்கார்ற பள்ளத்துல இருந்த பழைய அழுக்கு, முன்னாடி யாரோ தடவின பேஸ்ட், எல்லாத்தையும் பிளாஸ்டிக் துண்டால சுரண்டினார். வேலையில பாதி நேரம் இதுக்கே போச்சு. அப்புறம் மூடியைக் கவுத்து ஒரு கண்ணாடித் துண்டு மேல வச்சு ஆடுதான்னு பார்த்தார். இப்ப வர்ற பல வண்டியில மூடி பிளாஸ்டிக். சூட்டுல கோணிப் போயிருந்தா எத்தனை புது பேக்கிங் போட்டாலும் நிக்காது. மூடியையே மாத்தணும்.

புது பேக்கிங்கைப் பள்ளத்துல அழுத்தி உட்கார வச்சார். ஸ்பார்க் பிளக் இறங்குற குழிகளைச் சுத்தி தனியா சின்ன வளையங்கள் இருக்கு, அதையும் சேர்த்து மாத்தினார். அது போனா பிளக் குழியில ஆயில் தேங்கி வண்டி திணறும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது.

பேஸ்ட் தடவலையான்னு கேட்டான் பையன். தலையும் செயின் கவரும் சேர்ற ரெண்டு மூலையில மட்டும் அரிசி அளவுக்கு வச்சார். அங்கே மட்டும்தான் வைக்கச் சொல்லியிருக்காம். சுத்தி முழுக்கத் தடவினா பிதுங்கி உள்ளே விழும். அது ஆயிலோட போய் அடியில இருக்கிற சல்லடையை அடைச்சா, பேக்கிங் மிச்சம், இன்ஜின் போச்சு.

கடைசியா முறுக்குறது. இதுல நான் ஒரு பாவத்தை ஒத்துக்கணும். பல வருஷத்துக்கு முன்னாடி என் ஆம்னி இதே மாதிரி ஒழுகினப்போ, நானே மாத்திடலாம்னு பேக்கிங் வாங்கி வந்து போட்டேன். நல்லா இறுக்கினா நல்லா அடைக்கும்னு நினைச்சு, பம்ப் செட் போல்ட்டை முறுக்குற வேகத்துல முறுக்கினேன். ரப்பர் நசுங்கி வெளியே பிதுங்கிடுச்சு, ஒரு போல்ட் மரை கழண்டுடுச்சு. முன்னாடி சொட்டினது அன்னைக்கு ஒழுகுச்சு. இந்த மூடிக்கு வேண்டிய இறுக்கம் பெரும்பாலான சின்ன வண்டிகள்ல 10 நியூட்டன் மீட்டருக்கு அக்கம்பக்கம்தான், சிலதுல அதுக்கும் கீழே. சக்கர நட்டுக்கு அதைப் போல எட்டு, பத்து மடங்கு வேணும். சரியான அளவு உங்க வண்டி புத்தகத்துல இருக்கும். அண்ணன் டார்க் ரெஞ்ச் வச்சு, நடுவுல இருந்து ஆரம்பிச்சு, எதிரும் புதிருமா, ரெண்டு சுத்துல முடிச்சார். கடைசியில ஒரு "டக்". அவ்வளவுதான்.

பேக்கிங் செட் 650 ரூபாய். கூலி 800 கேட்டார். பையன் வருஷத்துக்கு ஊத்துன ஆயில் காசுல பாதிதான் இது.

ஆனா வேலை இதோட முடியலை. "பேக்கிங் ஏன் போச்சுன்னு பாக்க வேணாமா?" என்று சொல்லிக்கிட்டே, மூடி மேல இருந்து போற ஒரு ரப்பர் டியூப்பையும், அதோட முனையில இருந்த சின்ன வால்வையும் கழட்டினார். பிசிவி வால்வுன்னு பேரு. குலுக்கினா உள்ளே கிலுகிலுன்னு சத்தம் வரணும். வரலை. கறுப்பா அடைச்சிருந்தது.

இன்ஜின் ஓடும்போது பிஸ்டனைத் தாண்டி கொஞ்சம் புகை கீழே இறங்கத்தான் செய்யும். அந்த அழுத்தம் வெளியே போக இந்த வால்வுதான் வழி. இது அடைச்சா அழுத்தம் உள்ளேயே ஏறி, எங்கே பலவீனமா இருக்கோ அங்கே ஆயிலைத் தள்ளும்.

எனக்கு உடனே எங்க பாகூர் ஏரிதான் ஞாபகம் வந்தது. தென்பெண்ணையில சொர்ணாவூர் அணைக்கட்டுல இருந்து பங்காரு வாய்க்கால் வழியா தண்ணி வர்ற ஏரி. ஊசுட்டேரிக்கு அடுத்தபடியா புதுச்சேரியில பெரிசு. எந்த ஏரிக்கும் கரை எவ்வளவு முக்கியமோ கலிங்கல் அவ்வளவு முக்கியம். மிஞ்சின தண்ணி கலிங்கல் வழியா போகணும். அங்கே ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைச்சுக்கிட்டா, கரை எவ்வளவு பலமா இருந்தாலும் ஒரு பெருமழையில எங்கேயாவது உடைக்கும். உடைஞ்ச இடத்துல மண்ணைக் கொட்டிட்டு கலிங்கலை அப்படியே விட்டா, அடுத்த மழைக்கு வேற இடம் உடையும். பேக்கிங் கரை. பிசிவி வால்வு கலிங்கல். வால்வைப் பார்க்காம பேக்கிங் மட்டும் மாத்தினவங்கதான் "மாத்தியும் ஒழுகுதுங்க"ன்னு புலம்புவாங்க. அந்த வால்வையும் மாத்தினோம்.

ஒழுகாம இருக்க வழி கேட்டா, அண்ணன் சொன்னதும் நான் அனுபவத்துல பார்த்ததும் இவ்வளவுதான். ஆயிலை நேரத்துக்கு, வண்டிக்குச் சொன்ன ரகத்துல மாத்துங்க. டிப் ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும், நல்லதுதானேன்னு மேல் கோட்டைத் தாண்டி ஊத்தக் கூடாது. வண்டியை ஓவரா சூடாக விடாதீங்க, ஒரு தடவை கொதிச்சா ரப்பருக்குப் பல வருஷ வயசு கூடிடும். டீசல் அடிச்சு இன்ஜின் கழுவுற பழக்கத்தை விடுங்க, ரப்பர் டியூப்பெல்லாம் ஊதிப்போகும். ஒழுகலை நிறுத்தும்னு கடையில விக்கிற மருந்தை நம்பாதீங்க. அது பழைய ரப்பரைக் கொஞ்ச நாள் ஊற வைக்கும், ஒடிஞ்ச ரப்பரை ஒட்ட வைக்காது.

எல்லாக் கசிவுக்கும் இன்ஜினைத் திறக்கணும்னும் நான் சொல்லலை. வேர்க்கிறது வேற, சொட்டுறது வேற. மூடி ஓரத்துல லேசா ஈரம் பூத்து தூசி ஒட்டியிருந்தா, துடைச்சுவிட்டு ஒரு மாசம் கழிச்சுப் பாருங்க. அதே அளவுல இருந்தா அடுத்த சர்வீஸ்ல சொல்லிக்கலாம். தரையில சொட்டினாலோ, கருகுற வாசனை வந்தாலோ தள்ளிப் போடாதீங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல எண்ணெய் விழுறது விளையாட்டு இல்லை. ஊத்த மறந்த மாசம் ஆயில் குறைஞ்சு இன்ஜின் பிடிச்சுக்கிட்டா, செலவு பதினாலாயிரத்துல நிக்காது.

இப்ப நான் சொல்ல வந்ததுக்கு வர்றேன்.

காசு கொடுக்கும்போது பையன் ஆயிரத்து ஐநூறுக்கு மேல முந்நூறு சேர்த்து நீட்டினான். எதுக்குன்னு அண்ணன் கேட்டார். "நீங்க தேடுனதுக்குண்ணே" என்றான். அவர் சிரிச்சுட்டு, "முப்பது வருஷத்துல தேடுனதுக்கு யாரும் குடுத்ததில்ல தம்பி. மாத்துனதுக்குத்தான் குடுப்பாங்க" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு உறைச்சது. நாம பொருளுக்குக் காசு கொடுக்கிறோம், கழட்டி மாட்டுறதுக்குக் கொடுக்கிறோம், பார்க்கிறதுக்குக் கொடுக்க மாட்டோம். துடைச்சு, காய வச்சு, பவுடர் தூவி, ஓட்டிப் பார்த்து ஒரு மணி நேரம் செலவழிக்கிற மெக்கானிக்குக்கு அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி கிடையாதுன்னா, அவர் ஏன் தேடணும்? கீழே ஈரமா இருக்கு, சீல்னு சொல்லிட்டா வேலையும் பெரிசு, பில்லும் பெரிசு. குத்தம் அவங்க மேல மட்டும்னு சொல்ல முடியலை. பார்க்கிற வேலைக்கு விலை வைக்காத நம்ம மேலயும் இருக்கு.

எங்க பக்கம் அந்தக் காலத்துல ஏரிக்கரையைச் சுத்திப் பார்க்கவும் மடையைத் திறந்து மூடவும் ஆள் இருப்பாங்க. மண்வெட்டி பிடிக்கிற நேரத்தைவிட அவங்க நடந்து பார்க்கிற நேரம்தான் அதிகம். அறுவடையானா களத்துலயே அவங்களுக்கு நெல்லு அளந்து கொடுத்துடுவாங்க. கரை உடைஞ்சாத்தான் நெல்லுன்னு யாரும் சொல்லலை. உடையாம பார்த்துக்கிட்டதுக்குத்தான் நெல்லு. அந்தப் புத்தி நமக்கு எப்போ போச்சுன்னு தெரியலை.

ஆயில் சொட்டுறது என் சொந்தக் காசு, உங்களுக்கென்னன்னு கேட்கலாம். அந்தச் சொட்டு அங்கேயே நின்னா கேட்க மாட்டேன். அடுக்குமாடி பார்க்கிங்ல விழுந்தது சோப்புத் தண்ணியோட சாக்கடைக்குப் போகுது. புதுச்சேரி டவுன்ல ரோட்டுல விழுந்தது முதல் மழைக்கே பெரிய வாய்க்கால்லயோ உப்பாத்துலயோ இறங்கி, கடைசியில கடலுக்குப் போகுது. மகத்துக்கு நாம முங்கி எழுந்த அதே கடல்.

எண்ணெய் எவ்வளவு பரவும்னு பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அந்தக் காலத்துலயே பார்த்து எழுதி வச்சிருக்கார், 1774-ல வெளியானது. லண்டன் பக்கத்துல ஒரு குளத்துல ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டார், அரை ஏக்கர் வரைக்கும் பரவி அலையை அடக்குச்சாம். நம்ம கணக்குல ஐம்பது சென்ட். அவர் விட்டது நல்ல எண்ணெய். இன்ஜின்ல வெந்து, உலோகத் துகளோட வர்ற கறுப்பு ஆயில் அதே மாதிரி பரவும்னு நான் சொல்லலை. ஆனா ஒரு ஸ்பூன்தானேன்னு சொல்றவங்க இதை ஒரு தடவை நினைச்சுப் பார்க்கலாம்.

எனக்கு இது படிச்சுத் தெரிஞ்சதில்லை. அப்பா காலத்துல எங்க கிணத்து மேட்டுல ஒரு ஆயில் இன்ஜின் இருந்தது. அது எப்பவும் ஒழுகும். அப்பாவும் பையன் மாதிரிதான், ஊத்திக்கிட்டே ஓட்டினார். ஒரு மழைக்காலத்துல மேட்டுல ஊறியிருந்த எண்ணெயெல்லாம் கிணத்துக்குள்ள இறங்கிடுச்சு. தண்ணி மேல வானவில் கலர்ல ஒரு ஏடு. தொட்டியில ஊத்தினா மாடு மூக்கை வச்சுப் பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு. கிணத்தை இறைச்சு இறைச்சு ஊத்தியும், மாடு அந்தத் தண்ணியில வாய் வைக்க ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அம்மா அதுவரைக்கும் தெருக்கோடி அடிபம்புல இருந்து மாட்டுக்கும் சேர்த்துத் தூக்கினாங்க. ஒழுகுனது அப்பாவோட இன்ஜின். சுமந்தது அம்மாவோட இடுப்பு.

நாங்களும் யோக்கியம் இல்லை. மாத்துன பழைய ஆயிலைக் கரையானுக்குன்னு வேலிக்காலுக்குத் தடவியிருக்கோம், களையைக் கருக்கன்னு வரப்புல ஊத்தியிருக்கோம். அதெல்லாம் தப்புன்னு இப்போ தெரியுது. பழைய ஆயிலை மறுபடி சுத்திகரிச்சுப் பயன்படுத்த முடியும். அதைக் கண்ட இடத்துல கொட்டக் கூடாதுன்னு 2016-லயே மத்திய அரசோட அபாயகரக் கழிவு விதிகள் இருக்கு. 2024 ஏப்ரல் முதல், ஆயில் தயாரிச்சு விக்கிறவங்களுக்கே பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொண்டுபோற பொறுப்பு உண்டுன்னும் விதி வந்துடுச்சு. அதனால ஆயில் மாத்தும்போது பழசு எங்கே போகுதுன்னு ஒரு கேள்வி கேளுங்க. முதலியார்பேட்டை அண்ணன் ஒரு பேரல்ல சேர்த்து, அனுமதி வாங்கின ஆளுக்குக் கொடுத்துடறார். ஆனா சொட்டிப் போனதை எந்தப் பேரலும் பிடிக்காது. அதுக்குப் பேக்கிங்தான் வழி.

உங்ககிட்ட நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. இன்னைக்கு ராத்திரி வண்டியை நிறுத்தினதும் அடியில ஒரு பெரிய அட்டையை விரிச்சுட்டுப் படுங்க. காலையில பாருங்க. வெறும் தண்ணின்னா ஏசி, பயப்பட வேண்டாம். பச்சையோ ரோஸோ இருந்தா கூலன்ட். பழுப்பு, கறுப்புன்னா இன்ஜின் ஆயில். சக்கரத்துப் பக்கம் வெளிர் மஞ்சளா இருந்தா பிரேக் ஆயிலா இருக்கலாம், வண்டியை எடுக்காம மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. இது ஒண்ணு.

ரெண்டாவது, ஒழுகல்னு மெக்கானிக்கிட்ட போனா, எவ்வளவு ஆகும்னு முதல்ல கேட்காதீங்க. எங்கிருந்து வருதுன்னு காட்டுங்க, தேடுற நேரத்துக்குத் தனியா கொடுத்துடறேன்னு சொல்லுங்க. சொல்லிப் பாருங்க, அவர் கை வேற மாதிரி வேலை செய்யும்.

பையன் சென்னைக்குப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் போன் பண்ணான். டிப் ஸ்டிக்ல ஆயில் மேல் கோட்டுலயே நிக்குதாம். சித்திரையில மறுபடி வர்றானாம். வண்டியை வாசல்ல நிறுத்தலாமான்னு கேட்டான். உங்க அத்தைகிட்ட கேட்டுக்கோன்னு போனைக் கொடுத்துட்டேன்.